வெள்ளைத் திரையில் வெள்ளை எழுத்து

வேலை தெரியாதவனை யாரும் பொருளுக்குக் கிட்ட விடுவதில்லை; அதனால் அவனால் பெரிய சேதம் வராது. பாதி தெரிந்தவன்தான் ஆபத்தானவன். யுத்தம் முடிந்து சில வருடங்களில், பாலாவிக்குப் பக்கத்தில், ஹாஜியார் என்று எல்லாரும் கூப்பிடும் ஓர் உப்பு முதலாளியின் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தபோது எனக்குச் சரியாகப் பாதி தெரிந்திருந்தது. (ஆறு மாதக் கணினிச் சான்றிதழ். உம்மா அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, காணி உறுதி மாதிரி அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்தார். காணிதான் இல்லை.)

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த வாப்பா அந்த ஹாஜியாரின் உப்பளத்தில்தான் மூட்டை சுமந்தார். தனக்கென்று யாரிடமும் எதுவும் கேட்காதவர், எனக்காக மட்டும் போய் நின்று, "மகன் படிச்சவன் ஹாஜியார், ஒரு எடம் தாங்க" என்று கேட்டிருந்தார். ஒரு கிழமை, ஏழே நாள், வைத்துப் பார்ப்போம் என்றாராம் ஹாஜியார். நான் சொதப்பினால் போவது என் வேலை மட்டுமல்ல. வாப்பா வாழ்நாளில் சொன்ன ஒரேயொரு சிபாரிசும்தான்.

வேலை இலேசானது. உப்பு ஏற்றிய லொறி அலுவலக வாசலில் உள்ள பெரிய தராசின் மேல் ஏறி நிற்கும். நான் கணினியில் லொறி இலக்கத்தை அடித்தால் எடை திரையில் விழும். இன்னொரு விசையைத் தட்டினால் அச்சுப்பொறி எடைத் துண்டைத் துப்பும். படமோ பட்டனோ இல்லாத பழைய கட்டளைத் திரை அது. கன்னங்கறுப்பில் வெள்ளை எழுத்து. கொழும்பிலிருந்து ஒருவர் வந்து போட்டுக் கொடுத்தது. ஏதாவது பழுதானால் அவர் திரும்ப வர இரண்டு நாள் எடுக்கும் என்பதால், பகலில் கணினியை அணைக்கவே கூடாது என்பது ஹாஜியாரின் சட்டம்.

ஒரேயொரு குறை. சாரதிமார் ஜன்னலால் எட்டி எடையைப் பார்ப்பார்கள். உப்பு வெளிச்சத்தில் நின்று வந்த கண்ணுக்கு அந்தக் கறுப்புத் திரையில் ஒன்றும் தெரியாது. வெளியே குவித்திருந்த உப்பு மேடு கண்ணாடியில் பளபளவென்று விழும், அவ்வளவுதான். ஒவ்வொருவரும் "எத்தின?" என்று கேட்க, நான் ஏலக்காரன் மாதிரிக் கத்த வேண்டும்.

ஐந்தாம் நாள் எனக்குள் இருந்த அறிஞன் விழித்துக்கொண்டான். திரையை வெள்ளையாக்கினால் பிரதிபலிப்பு மறைந்துவிடுமே! திரையில் திறந்திருந்த சாளரத்தின் மேல்பட்டையில் வலது கிளிக் செய்தேன். நிறங்களைத் திறந்தேன். பின்னணிக்கு வெள்ளையைக் கொடுத்தேன். எழுத்தைத் தொடவேயில்லை. வெள்ளைத் தாள் என்றால் எழுத்து கறுப்பாகத்தானே இருக்கும், அது தானாக மாறிக்கொள்ளும் என்று மனதார நம்பினேன்.

சரி என்று அழுத்தினேன். எல்லாம் போயிற்று.

நிறத்தை மாற்றிய கையோடு எழுத்து மறைந்தால் காரணம் நிறம்தானே என்று நீங்கள் கேட்கலாம். அது நிதானமாக இருப்பவர்கள் கேட்கிற கேள்வி. நான் முதலாளியின் தராசையே அழித்துவிட்டதாக முடிவுகட்டி, தெரிந்த துஆ எல்லாவற்றையும் ஓதிக்கொண்டிருந்தேன். துடைத்த திரையில் ஒரு சின்னக் கறுப்புக் கோடு மட்டும் கண்சிமிட்டியது.

"மல்லி, துண்டு எங்க?" சிலாபத்துச் சாரதி சுனில் ஐயா ஜன்னலைத் தட்டினார். தம்பிமாரெல்லாம் அவருக்குச் சிங்களத்தில் மல்லிதான். அவருக்குப் பக்கத்தில், உப்புப் படிந்த சாரத்தோடு வாப்பா.

வேலை செய்வதாகக் காட்டவாவது வேண்டுமே என்று லொறி இலக்கத்தை அடித்தேன். எழுத்து வரவில்லை, ஆனால் அந்தக் கோடு மட்டும் ஒவ்வோர் அடியாக நகர்ந்தது. அச்சு விசையைத் தட்டினேன். அச்சுப்பொறி அலறியது. இலக்கமும் எடையும் அச்சொட்டாக விழுந்த துண்டைக் கண்டதும்தான் விளங்கியது: எழுத்துகள் எங்கும் போகவில்லை. வெள்ளைக்குள் வெள்ளையாக நிற்கின்றன.

சுட்டியில் கை வைக்கப் போக, பின்னால் அத்தர் மணத்தது. ஹாஜியார். இப்போது நிறப் பெட்டியைத் திறந்தால் நோண்டியது தெரிந்துவிடும். அதனால் மூன்று லொறிகளைக் கண்தெரியாமலே நிறுத்து அனுப்பினேன். மூன்றும் சரி.

"மகன், ஸ்கிரீன்ல ஒண்டுமே இல்லியே."

"ஓம் ஹாஜியார்."

"பாக்காமலே அடிக்கிறியா?"

உண்மையைச் சொல்ல வாய் திறந்தவன், ஜன்னலில் வாப்பாவின் முகத்தைப் பார்த்துத் தொலைத்தேன். அப்படியொரு பெருமையை அந்த முகத்தில் நான் கண்டதேயில்லை. "பழகிட்டு ஹாஜியார்" என்றேன்.

அதோடு நின்றிருக்கலாம். வித்தை காட்டும் அவசரத்தில், அடுத்த லொறி தராசில் ஏறுமுன்பே அச்சு விசையைத் தட்டிவிட்டேன். அந்த லொறியின் சாரதி நிஸ்தார் நானா துண்டை வெளிச்சத்தில் பிடித்து நிதானமாக வாசித்தார்.

"ஹாஜியார், என்ட லொறி உப்போட சேத்து சைபர் கிலோ. மெதுவாத்தான் ஓட்டணும், காத்தடிச்சாப் பறந்துரும்."

சிரிப்பு அடங்குமுன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஹாஜியார் திரையை விரலால் தட்டினார்.

"எழுத்தக் கறுப்பாக்க ஏலுமா?"

ஆக்கினேன். நிஸ்தார் நானாவின் லொறி தராசில் ஏறியது. நான் கத்தவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்ற சாரதிமார் அவர்களாகவே எடையைச் சத்தமாக வாசித்தார்கள். வாப்பாவுக்கு எழுத்துத் தெரியாது, இலக்கம் தெரியும். அவரும் உதட்டை அசைத்து வாசித்தார்.

"இதத்தான் மகன் முதல்லயே செஞ்சிரிக்கணும்" என்றார் ஹாஜியார். "நாளைக்கும் வா. அடுத்த கிழமையும் வா."

வேலை கிடைத்தது. கூடவே ஒரு தொல்லையும் கிடைத்தது. ஹாஜியார் பள்ளிவாசலில் கதையின் முன்பாதியை மட்டும்தான் சொன்னார். சில வருடங்கள் கழித்துக் கற்பிட்டியில் பெண் பேசப் போனபோது, பெண்ணின் வாப்பா என்னை ஏற இறங்கப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "மாப்பிளதானா அந்தக் கண்ண மூடிக்கிட்டு லொறி நிறுக்கிறவரு?"

பின்பாதியை நிக்காஹ் முடிந்த பிறகுதான் மனைவிக்குச் சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாது. இன்றைக்கும் வீட்டில் சாவியையோ சட்டையையோ காணவில்லை என்று நான் சத்தம் போட்டால், அவள் அடுப்படியிலிருந்து அசையமாட்டாள்.

"கண்ண மூடிக்கிட்டுத் தேடுங்க, கிடைக்கும்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பல நாள் கிடைத்தும் இருக்கிறது.