கண் சிமிட்டாத பெண்

"வேணும்னே பண்றியா மாப்ள, இல்ல மெய்யாவே—"

"மாமா, நான் சொல்றதக் கொஞ்சம்—"

"—ஓடாத மெசினைக் கொண்டாந்து எம் மகளுக்கு முன்னாடி வச்சிருக்கியா?"

"—கேளுங்க. மெசின் ஓடுது மாமா. கொஞ்சம் வேகமா ஓடுது. அதான் நின்னு போகுது."

வேகமாக ஓடுவதால் நின்று போகிற வண்டி எந்த ஊரில் இருக்கிறது என்று மலைச்சாமி கேட்டார். கருத்தக்கண்ணனிடம் அதற்குப் பதில் இருந்தது. சொன்னால் மதியமாகிவிடும். சிங்கப்பூரில் மாப்பிள்ளை காத்துக்கொண்டிருந்தார்.

நாகமலை புதுக்கோட்டையில் கருத்தக்கண்ணன் நடத்தும் பிரவுசிங் சென்டர் அது. ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வாடிக்கைக்காரர்களை அனுப்பிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தான். மூலைத் தடுப்புக்குள், வெப் கேமராவுக்கு முன்னால், பட்டுச்சேலையும் தலை நிறைய மல்லிகையுமாக உட்கார்ந்திருந்தாள் மலைச்சாமியின் மகள் பாண்டிமீனா. தவசி என்கிற அந்தச் சிங்கப்பூர்க்காரருக்கு தை மாதம்வரை லீவு கிடையாதாம். அதனால்தான் பெண் பார்க்கும் வைபவம் கம்ப்யூட்டரில் ஏறியிருந்தது.

மலைச்சாமியின் மனைவி பாண்டியம்மாளுக்கு இதெல்லாம் ஒப்பவில்லை. மகளைப் பார்க்க வருகிறவர்களுக்குத் தட்டு நீட்டாமல் இருப்பது என்ன முறை என்று கேசரியும் பஜ்ஜியும் தூக்குச்சட்டியில் கொண்டு வந்துவிட்டாள். தட்டில் எடுத்து வைத்து, கேமராவுக்கு நேரே நீட்டி, "எடுத்துக்கங்க தம்பி" என்றும் சொன்னாள். அப்புறம் யாரும் தொடாததால் தட்டு பிரிண்டர் மேல் ஆறிக்கொண்டிருந்தது.

கருத்தக்கண்ணன் மலைச்சாமிக்கு உடன்பிறந்த அக்காள் மகன். பாண்டிமீனாவைக் கேட்கிற முறை அவனுக்கு இருந்தது. போன பொங்கலுக்கு அவன் அம்மா கேட்கவும் செய்தாள். கடையில் உட்கார்ந்து கொசு அடிக்கிறவனுக்கா என்று மலைச்சாமி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவனும் அதை விழுங்கிக்கொண்டு கடையைத் திறந்தான்.

அவன் பயமெல்லாம் இப்போது ஒன்றுதான். இந்தச் சம்பந்தம் இந்தக் கடைக்குள் வைத்து முறிந்தால் ஊர் என்ன பேசும்? முறைக்காரன் வயரைப் பிடுங்கிவிட்டான் என்றுதான் பேசும். நாளைக்கு மாமன் வீட்டு வாசலை மிதிக்க முடியாது. மீனா முகத்தில் விழிக்க முடியாது.

அந்தப் பயத்தில்தான் அவன் முந்தின நாளே ஒரு காரியம் செய்தான். படம் திக்கித் திக்கி வந்தது. மெமரியை, செய்தவன் வைத்த வேகத்துக்கு மேலே ஓட்டினால் சரியாகும் என்று இன்டர்நெட்டில் எவனோ எழுதியிருந்தான். கம்ப்யூட்டர் எழும்பும்போது டெலிட் பட்டனைத் தட்டினால் ஒரு நீலத் திரை வரும். அங்கே 333 என்றிருந்த எண்ணை 400 ஆக்கினான். படம் தண்ணீர் மாதிரி ஓடியது. லீவு நாளில் ப்ராஜெக்ட் டைப் அடித்துக் கொடுக்க வரும் மீனாவும் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

இன்று காலை, நல்ல நேரம் பார்த்து இணைப்புக் கொடுத்தவுடன், கம்ப்யூட்டர் அப்படியே உறைந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் மலைச்சாமியின் செல் அடித்தது. கடைக்குள் சிக்னல் கிடைக்காது. ஆகவே எல்லாரும் குனிந்து ஷட்டரைத் தாண்டித் தெருவுக்கு ஓடினார்கள். கம்ப்யூட்டர் விவரம் சொல்லக் கண்ணனும் ஓட வேண்டியதாயிற்று. திருமங்கலத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா பேசினாள்.

"பொண்ணு ரொம்ப நேரமாக் கண்ணே சிமிட்டலையாமே. பார்வையில எதும் கோளாறா?"

பாண்டியம்மாள் செல்லைப் பிடுங்கப் போனாள். மலைச்சாமி தோளைத் திருப்பிக்கொண்டு, அது பெண்ணின் கோளாறு இல்லை, மெசினின் கோளாறு என்று விளக்கினார். மெசின் யாருடையது என்று அந்தம்மாள் கேட்டிருக்க வேண்டும். அக்காள் மகனுடையது என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கிப் போனது.

கண்ணன் நீலத் திரைக்குப் போய் எண்ணைக் கொஞ்சம் குறைத்தான். ஓட்டிப் பார்த்தான், ஓடியது. மாப்பிள்ளைக்குத் தகவல் சொல்ல மறுபடி எல்லாரும் தெருவுக்குப் போய்விட்டு வந்தார்கள். இணைப்பு வந்தது. மீனாவுக்குக் கொட்டாவி வந்தது. சரியாக அந்த நேரத்தில் படம் நின்றது.

மறுபடி செல், மறுபடி தெரு. பல்லெல்லாம் பார்த்தாகிவிட்டதாம், அது போதுமாம். மற்றதைக் காட்டச் சொல்கிறான் பையன் என்றாள் அந்தம்மாள்.

சூடுதான் காரணம் என்று கண்ணன் முடிவு கட்டினான். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, டேபிள் ஃபேனைத் தரையில் வைத்து உள்ளே ஊதவிட்டான். காற்று பெட்டிக்குள் பாதி போனது, மீதி மீனாவிடம் போனது. வாரிப் பின்னிய முடி பிரிந்து முகத்தை மூடிக்கொண்டது. சிங்கப்பூரிலிருந்து ஸ்பீக்கர் வழியாக ஒரு குரல், "பொண்ணு எங்கங்க இருக்கு?" என்று தயக்கத்தோடு கேட்டது. அத்தோடு குரலும் நின்றது, படமும் நின்றது.

பக்கத்து மெசினில் வைத்தால் என்ன என்றாள் பாண்டியம்மாள். மற்ற மெசின்களெல்லாம் பழசு, கேமராவை அதுகளுக்கு அடையாளம் தெரியாது என்றான் கண்ணன். மெமரியைக் கழற்றி அதன் பல்வரிசையை ரப்பரால் தேய்த்தால் சரியாகும் என்று ஞாபகம் வந்தது. ரப்பர் வாங்கப் பக்கத்துக் கடைக்கு ஓடினான். வந்து, தேய்த்து, மாட்டி, நீலத் திரையைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

எண் 400.

குறைத்தது அவன்தான். சேமித்ததும் அவன்தான். பிறகு புரிந்தது, புரிந்ததாக நினைத்தான். போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். அது செத்துவிட்டால் மெசினுக்கு எதுவும் நினைவில் நிற்காது.

மாமாவிடம் போய்ச் சொன்னான். பேட்டரி ஒன்று வாங்கி வந்தால் போதும் என்றான்.

மலைச்சாமி அவனை நிமிர்ந்து பார்த்தார். இந்தத் தடவை சத்தமே போடவில்லை.

"தப்பு ஒம்மேல இல்லப்பா. முறைக்காரன் கடைக்கு எம் மகளக் கூட்டிட்டு வந்தேன் பாரு, எம்மேல."

பஜ்ஜித் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள் பாண்டியம்மாள். அவளும் அதையேதான் நினைக்கிறாள் என்று தெரிந்தது. கண்ணனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"இன்னும் ஒருக்கா மாமா. இந்தத் தடவையும் நின்னுச்சுன்னா, கடைய மூடிட்டு நானே திருமங்கலம் போயி அவுக கால்ல விழுறேன்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு வாட்ச் கடைக்குப் பறந்தான். அவன் திரும்பி வந்தபோது மாமாவும் அத்தையும் தெருவில் நின்று செல்லில் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு வேலைக்கு நேரமாகிறதாம். கடைசியாக ஒரு தடவை உட்காருவாராம், அதற்கு மேல் இல்லையாம்.

உள்ளே மீனா மட்டும் இருந்தாள். முடியைத் திரும்பவும் பின்னியிருந்தாள். பெண் பார்க்கும்போது பெண் பேசக்கூடாது என்று பாண்டியம்மாள் சொல்லி வைத்திருந்ததால், காலையிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை.

கண்ணன் தரையில் மண்டியிட்டுப் பழைய பேட்டரியை நெம்பினான். புதியதைப் பொருத்தினான். கம்ப்யூட்டரை எழுப்பி, தேதியையும் நேரத்தையும் அடித்து, எண்ணைப் பார்த்தான். 333. செய்தவன் வைத்த அதே எண். சேமித்தான். நெற்றி வியர்வை கீபோர்டில் சொட்டியது, சட்டைக் கையால் துடைத்தான்.

"இனிமே நிக்காது மீனா," என்றான். "நிமிந்து உக்காரு. மாமாவக் கூப்பிட்டு வாரேன்."

அவன் ஷட்டர்வரை போய்க் குனிந்தான். பின்னால் கம்ப்யூட்டர் மறுபடி எழும்புகிற பீப் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தான். கேமரா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நீலத் திரை திறந்திருந்தது. மீனாவின் விரல் இன்னும் டெலிட் பட்டன் மேலேயே இருந்தது.

"பேட்டரி செத்தா நம்பரு எறங்கத்தான செய்யும் மச்சான், எங்கயாச்சும் ஏறுமா? நீங்க எறக்க எறக்க ஏத்தி வச்சு எனக்குக் கையே வலிக்குது. இன்னும் எம்புட்டு நேரந்தான் எறக்கிக்கிட்டே இருப்பீங்க?"