டூனா கேசரோல் போன வீடு

இந்த மார்ச் மாதம் ஆபீஸ் விஷயம் எதையும் பெர்னடைனிடம் சொல்வதில்லை என்று சபதம் எடுத்தேன். பெர்னடைன் என் மனைவி. சபதத்தைக் குளியலறைக் கதவைத் தாழ்போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, மெல்லிய குரலில் எடுத்தேன். எங்கள் வீட்டுச் சுவர்கள் எல்லாம் அவள் கட்சி.

என் உத்தியோகம் அப்படி. அமெரிக்காவில் டொலீடோ நகரத்துக் கால்பந்து அணியில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். கால்பந்து என்றால் எங்கள் ஊர்க் கால்பந்து. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான், மற்றவர்கள் அவன் மேல் விழுவார்கள். ஓர் அணி தன் ஆட்டக்காரர்களுக்கு வருஷத்துக்கு மொத்தம் இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்று லீக் ஒரு வரம்பு போட்டிருக்கிறது. முதலாளியிடம் தங்கச் சுரங்கமே இருந்தாலும் அதற்கு மேல் ஒரு டாலர் போகக் கூடாது. மார்ச்சில் ஒரு புதன்கிழமை, மாலை நாலு மணிக்குள் வரம்புக்குள் வந்துவிட வேண்டும். வராவிட்டால் ஆளை வெட்டு, அதாவது வேலையைவிட்டு அனுப்பு. யாரை வெட்டுவது என்று எழுதிக் கொடுப்பவன் நான்.

அந்த வரம்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. பார்க்கப் போனால் அது வெறும் ஓர் எண். அதற்கு முன்னால் நூற்றைம்பது கிலோ ஆசாமிகள் கைகட்டி நிற்கிறார்கள். ஆபீஸ் நடையில் நான் வந்தால் சுவரோடு ஒட்டி வழிவிடுகிறார்கள். வீட்டில் ஒரு ஓட்டை சோபாவை வெட்டக்கூட எனக்கு அதிகாரம் கிடையாது.

பதினோரு வருஷமாக என்ன நடக்கிறது என்றால், சாப்பிடும்போது நான் பெயரை உளறிவிடுவேன். மறுநாள் காலை பெர்னடைன் நூடுல்ஸ், டூனா மீன், காளான் சூப், சீஸ் எல்லாவற்றையும் ஒரு கண்ணாடித் தட்டில் கொட்டி, மேலே ரொட்டித் தூள் தூவி, சுட்டு எடுப்பாள். கேசரோல். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்கு அதைத்தான் கொண்டுபோய்க் கொடுப்போம். வேலை போவதும் சாவும் அவளுக்கு ஒன்றுதான். ஆபீஸ் கடிதம் போய்ச் சேருவதற்குள் அந்த வீட்டில் தட்டு பாதி காலியாகியிருக்கும். தட்டின் அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருப்பாள். ஊரைவிட்டுப் போகிறவன் தட்டைக் கழுவிக் கொடுத்துவிட்டுத்தான் போவான்.

ஆட்டக்காரர்களுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. போன வருஷம் எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் நிஜமாகவே செத்துப்போனார். அந்த வீட்டுக்கு இவள் தட்டோடு நடந்தாள். வழியில் எங்கள் அணிக்காரன் ஒருவன் வீடு. இவள் தலை தெரிந்ததும் திரையை இழுத்து, விளக்கை அணைத்து, நாயின் வாயையும் பொத்திவிட்டார்கள்.

மேனேஜர் ஹக்கபி என்னைக் கூப்பிட்டார்.

"நார்பர்ட், என் கடிதத்தை உன் வீட்டு அடுப்பு முந்துது. இந்த வருஷம் அந்த அம்மாகிட்ட மூச்சு விடக் கூடாது."

"விட மாட்டேன் சார்."

"உன்னால முடியுமா?"

"சார், நான் ஆம்பளை."

"அதனாலதான் கேக்கறேன்."

இந்த வருஷம் நாங்கள் வரம்பை ஒன்பது மில்லியன் டாலர் தாண்டியிருந்தோம். ஒன்பது மில்லியன் சம்பளக்காரன் ஒருவன்தான். கார்வெல் டபின்ஸ். எங்களுக்கு அடுத்த வீடு. பந்து எறிகிறவன் மேல் யாரும் விழாமல் முன்னால் சுவராக நிற்பது அவன் வேலை. வயது முப்பத்துநாலு, ஒரு முட்டி போய்விட்டது. வெட்டினால் வேறு எந்த அணியும் எடுக்காது. மகளுக்குப் பள்ளியில் கடைசி வருஷம், டிரம்பெட் வாசிக்கிறாள். அவள் முடிக்கும்வரை இந்த ஊரில் ஆடிவிட்டால் போதும் என்று வேலி ஓரத்தில் நின்று என்னிடமே சொல்லியிருக்கிறான். பனி பெய்தால் தன் வாசலோடு எங்கள் வாசலையும் சேர்த்து வழித்துவிடுவான். அவன் பெயரை எழுதும்போது எனக்குப் பேனா ஓடவில்லை. ஆனால் எண் எண்தானே.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேஜையில் விசாரணை ஆரம்பித்தது.

"ஏங்க, இந்த வருஷம் யாரு?"

"எது யாரு?"

"வெட்டு."

"அப்படி யாரும் இல்லியே."

"எவ்வளவு தாண்டியிருக்கீங்க?"

"ஒன்பது..." என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கை வாயில் திணித்துக்கொண்டேன்.

"ஒன்பதா? சரி. யாரை எடுக்கப் போறீங்க?"

"அது ஆபீஸ் ரகசியம்."

"உங்களுக்கா? போன வெள்ளிக்கிழமை சர்ச் மீன் விருந்துல, மூலத்துக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டதை மைக்கைப் பிடிச்சுச் சொன்னது யாரு?"

"அது சொந்த விஷயம். இது தொழில்."

"சொல்லாட்டிப் போங்க. எனக்கென்ன. ஏதோ ஒரு குடும்பம் வெறும் வயித்தோட அழப்போகுது."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இப்படிப்பட்ட யோசனை எனக்கு வருஷத்துக்கு ஒன்றுதான் வரும். பொய் சொல்லிவிட்டால் என்ன?

"சரி, யார்கிட்டயும் சொல்லாதே. ட்ரிப்."

அவள் கரண்டி நின்றது. "ட்ரிப் ஹாலோவேயா? பந்து எறியற பையனா?"

"அவனேதான்."

"அடப் பாவமே. சரிங்க."

அவ்வளவுதான். மறு கேள்வி இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என் மனைவி நான் சொன்னதை நம்பினாள். எழுந்து நடனமாடலாம் போலிருந்தது.

ட்ரிப்பைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அவனை வெட்டவே முடியாது. அவனுக்குக் கொடுத்த முன்பணத்தை வருஷா வருஷம் பிரித்துப் பிரித்துக் கணக்கில் எழுதிவருகிறோம். வெட்டினால் மிச்சம் நாற்பது மில்லியனும் இந்த வருஷத் தலையிலேயே விழும். அவனாகப் பார்த்து இன்னும் மூன்று வருஷம் ஆடுகிறேன் என்று கையெழுத்துப் போட்டால், இந்த வருஷச் சம்பளத்தையும் அப்படியே பிரித்து எழுதி இருபது மில்லியன் மிச்சம் பிடிக்கலாம். போட மாட்டான். டொலீடோ குளிர் அவனுக்கு ஆகாதாம், கடற்கரை ஊருக்குப் போக வேண்டுமாம். ஹக்கபி இரண்டு வருஷமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை காலை கோட்டு மாட்டுகிறேன், சூடான தட்டைத் துணியில் சுற்றி என் கையில் வைத்தாள்.

"போற வழிதானே, நீங்களே ட்ரிப் வீட்ல குடுத்திடுங்க. எனக்கு இடுப்பு வலி."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தட்டு அங்கே போனால் கார்வெல் நாலு மணிவரை நிம்மதியாக இருப்பான். ட்ரிப்புக்கோ ஒரு வேளைச் சாப்பாடு மிச்சம். விசிலடித்துக்கொண்டே ஓட்டினேன்.

ட்ரிப் அரைக்கால் சட்டையோடு கதவைத் திறந்தான். தட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடியும் தட்டைப் பார்த்தான்.

"சார்... இது யாருக்கு?"

"உங்களுக்குத்தான். சூடா இருக்கு, சாப்பிடுங்க."

"எதிர்த்த வீட்டுக்கு இல்லியே?"

"இல்ல இல்ல. அடியில பேர் ஒட்டியிருக்கு. கழுவித் திருப்பிக் குடுத்துடுங்க."

அவன் அப்படியே வாசல் படியில், பனியில், உட்கார்ந்துவிட்டான். போக ஆசைப்படுகிறவனுக்கும் விரட்டப்படுவது பிடிப்பதில்லை. பொய் என்று சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. சொன்னால் அது பெர்னடைன் காதுக்குப் போய்விடும் என்று சபதம் தடுத்தது. தட்டை அவன் மடியில் வைத்துவிட்டு ஆபீஸ் போனேன்.

பத்து மணிக்கு ஹக்கபி அறையிலிருந்து சத்தம்.

"நார்பர்ட், ட்ரிப்போட ஏஜெண்டு போன் பண்ணான். பையன் மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடறானாம். இப்பவேயாம். டொலீடோதான் உலகத்துலயே அழகான ஊராம்."

"எப்படி சார்?"

"உன்னை யாராலயும் வெட்ட முடியாதுடான்னு ஏஜெண்டு தலைதலையா அடிச்சுக்கிட்டானாம். வக்கீல் தப்பு பண்ணலாம், அந்தத் தட்டு பதினோரு வருஷத்துல ஒரு தடவை கூடத் தப்பு பண்ணதில்லன்னு பையன் அழறானாம். என்னய்யா மாயம் பண்ணே?"

"அனுபவம் சார்" என்றேன், அடக்கமாக.

பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்து ஆயிற்று. வரம்புக்குள் வந்ததோடு பதினோரு மில்லியன் கையிருப்பு வேறு. கார்வெல் பெயர் எழுதிய தாளை ஹக்கபி நாலாகக் கிழித்துப் போட்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பதுக்கு மேற்பட்ட அணிகள் வக்கீல்களை வைத்து மண்டையை உடைத்துக்கொள்கிற விவகாரம். ஒரு மீன் தட்டு தீர்த்துவிட்டது. மெள்ள மெள்ள எனக்கு வேர்க்க ஆரம்பித்தது.

சாயங்காலம் காரைவிட்டு இறங்கினேன். கார்வெல் எங்கள் வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தான். மண்வெட்டியை ஊன்றி நின்றான்.

"இன்னிக்குக் காலைல கதவைத் திறக்கவே பயமா இருந்துச்சு சார். திறந்து பாத்தேன். தட்டு இல்ல. அங்கேயே உக்காந்து அழுதுட்டேன். பொண்ணுகூட டிரம்பெட்டை நிறுத்திட்டு வந்து பாத்தா."

அவன் தோள் எனக்கு எட்டாது, முழங்கையைத் தட்டிவிட்டு உள்ளே போனேன்.

பெர்னடைன் சமையலறையில் முட்டைக்கோஸ் அரிந்துகொண்டிருந்தாள்.

"நீ தெரிஞ்சேதான் செஞ்சியா?"

"எதை?"

"ட்ரிப்பை வெட்ட முடியாதுன்னு உனக்குத் தெரியுமா?"

"வெட்டினா நாப்பதும் ஒரே வருஷத்துல விழும், அவன் கையெழுத்துப் போட்டா இருபது மிச்சம்னு போன மாசம் மூணு தடவை சொன்னீங்களே. சமையல்ல என் கைதான் வேலையா இருந்துச்சு. காது சும்மாதானே இருந்துச்சு."

"ஒன்பதுன்னதும்..."

"கார்வெல்னு புரிஞ்சுது. வேற யாருக்கு ஒன்பது?"

"அப்ப தட்டை நீயே கொண்டுபோயிருக்கலாமே?"

"நான் போனா பொம்பளை ஏதோ உளறுதுன்னு நினைச்சிருப்பான். பேரை எழுதற ஆளே காலங்காத்தால வந்து நீட்டினா?"

லீக்கின் சட்டப் புத்தகம் நானூறு பக்கம். அதை எழுதியவர்கள் யாரும் இவளைப் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. கோயிலுக்குள் நிற்பது மாதிரி இருந்தது.

"நான் ட்ரிப்னு சொன்னப்பவே பொய்னு கண்டுபிடிச்சிட்டியா?"

"வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே. பொய் சொல்லப் போறீங்கன்னா எனக்கு நல்லாத் தெரியும்."

"எப்படி? நான் என்ன பண்றேன்?"

அவள் கத்தியைத் துடைத்து வைத்தாள்.

"அதைச் சொல்ல மாட்டேங்க. சொன்னா, அடுத்த மார்ச்சுல திருத்திக்குவீங்க."