நாலாவது அத்தியாயத்தில் தம்ரூட்

போன சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். கைடு சார்கிட்ட தீசிஸ்ல கையெழுத்து வாங்கணும்.

அவ்வளவுதான். பேனாவை நீட்டினா முடிஞ்சுது.

உப்புத் தண்ணியில எந்த நெல்லு எவ்வளவு முளைக்குதுன்னு ஏழு வருஷமா எண்ணிக்கிட்டிருக்கேன். ரெண்டு தடவை கெடு நீட்டி வாங்கியாச்சு. திங்கக்கிழமை பாண்டியில கொண்டு போய்க் கொடுக்கலைன்னா ரிஜிஸ்ட்ரேஷனே கேன்சல். சாரோ சனிக்கிழமை சாயங்காலமே பொண்ணு வீட்டுக்குச் சென்னை கிளம்பறார். ஆக, அன்னிக்கு விட்டா ஏழு வருஷமும் தண்ணியில போன மாதிரி. அதுவும் உப்புத் தண்ணி.

பிரச்சனை மூணு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சுது. சார் ஏதோ செமினாருக்குப் போயிட்டு வந்து சொன்னார்: "கலை, இனிமே எல்லாம் லேடெக்ஸ்தான். வேர்டுல அடிச்சா யாரும் மதிக்க மாட்டாங்க."

"உங்களுக்குத் தெரியுமா சார் அது?"

"எனக்கு எதுக்கும்மா? நீதானே அடிக்கப் போற!"

எங்க காலேஜ்ல கணக்கு டிபார்ட்மென்ட் நஸ்ரின்தான் சொல்லிக் கொடுத்தா. பட்டினம்னு பக்கத்து ஊர்ப் பொண்ணு, என்னைவிட அஞ்சு வயசு சின்னவ, பொறுமை அம்பது வயசு அதிகம். ஒரு வெப்சைட்டைத் திறந்து வச்சா. இடது பக்கம் நாம கட்டளையெல்லாம் அடிக்கணும். வலது பக்கம் அது அச்சடிச்ச புத்தகம் மாதிரி பக்கம் பக்கமா காட்டும்.

காட்டும்னு சொன்னா. எனக்குக் காட்டலை. ஒரு அடைப்புக்குறியை மூட மறந்தேன், அவ்வளவுதான், வரிசையா சிவப்பு சிவப்பா எரர்! பி.இ.டி. டீச்சர்கூட என்னை அவ்வளவு திட்டினதில்லை. படம் வச்சா வச்ச இடத்துல நிக்காது. பந்தியில இடம் பிடிக்கற சொந்தக்காரங்க மாதிரி ரெண்டு பக்கம் தள்ளிப் போய் உட்காரும்.

அப்பதான் நஸ்ரின் ஒரு ரகசியம் சொன்னா.

"கலைக்கா, ஒரு வரியில % குறி போட்டா அதுக்கு அப்புறம் எழுதறது எதுவும் அச்சுல வராது. உங்களுக்கு ஞாபகக் குறிப்பு எழுதிக்கத்தான் அது."

அச்சுல வராதா? யாருக்கும் தெரியாதா? ஏழு வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தவகிட்ட இதைச் சொல்லலாமா!

எழுதினேன். தமிழ் எழுத்தைப் பார்த்தா அந்த வெப்சைட் முறைக்கும்னு இங்கிலீஷ் எழுத்துல தமிழைக் கொட்டினேன். நாலாவது அத்தியாயம் முழுக்க, முளைப்புக் கணக்குக்கு நடுவுல நடுவுல, மனசார. அந்த மூணு மாசம் எனக்குத் தலைவலியே வரலை.

சனிக்கிழமை காலையில பிரிண்ட் எடுக்கறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை புரட்டினேன். "எழுபத்திரண்டு"ன்னு எண் இருக்கு. அதுக்கு அப்புறம் அந்த வரி இல்லை! எங்கெல்லாம் சதவீதம் வருதோ அங்கெல்லாம் வரி பாதியில செத்துக் கிடக்கு. அந்த அத்தியாயமே சதவீதம்தான்!

நஸ்ரினுக்குப் போன் போட்டேன்.

"சதவீதத்துக்கும் அதே குறிதானேக்கா? குறிப்புன்னு நினைச்சு மறைச்சிருக்கும். குறிக்கு முன்னாடி ஒரு சாய்வுக்கோடு போடுங்க, வந்துடும். ஒவ்வொண்ணா பார்த்துப் போடுங்க."

ஒவ்வொண்ணாவா? நான் என்ன விவரம் தெரியாதவளா? எல்லாத்தையும் ஒரே அடியில மாத்தற பட்டன்தான் இருக்கே!

அமுக்கினேன். பக்கத்தைக் காட்டற பச்சை பட்டனைத் தட்டினேன். ஒரு எரர் இல்லை. ஒரு சிவப்பு இல்லை. நானா இதுன்னு எனக்கே பெருமையா இருந்துச்சு. அந்தப் பெருமையில பக்கத்தைக்கூடப் பார்க்கலை. நேரா கடைக்குப் போய் பிரிண்ட் போட்டு, கோவில்பத்துல சார் வீட்டுக்குக் கொண்டு போயிட்டேன்.

சார் கறுப்புக் கண்ணாடியோட உட்கார்ந்திருந்தார். கண் ஆபரேஷன் ஆகி பத்து நாள்.

"நாலாவது அத்தியாயம்தாம்மா நான் பார்க்கலை. டாக்டர் படிக்கக் கூடாதுன்னுட்டார். வசந்தா வாசிக்கட்டும், கேட்டுட்டுப் போட்டுடறேன். நீ சாப்பிட்டுட்டு வா."

வசந்தா டீச்சர் சாரோட வீட்டம்மா. எச்.எம்.மா இருந்து ரிட்டயர் ஆனவங்க. அவங்க வாசிச்சா காற்புள்ளிகூடக் காதுல விழும்.

"சரிங்க சார்"னு சந்தோஷமா திருநள்ளாறுக்கு வீட்டுக்கு வந்து சோத்துல கை வச்சேன். நஸ்ரின் போன்.

"கலைக்கா, சும்மா உங்க ஃபைலைத் திறந்து பார்த்தேன். தீசிஸ்ல திடீர்னு தமிழ் வருதே?"

"என்ன தமிழ்?"

"சார் இதைப் படிக்கவே மாட்டார்னு போட்டிருக்கு. யா அல்லாஹ், பிரிண்ட் எடுத்துட்டீங்களா?"

தட்டைத் தள்ளி வச்சேன். ஒரே அடியில மாத்தினேன்ல? மறைச்சு வச்சது எல்லாத்தையும் ஒரே அடியில வெளியில இழுத்து விட்டிருக்கேன்!

கையைக் கழுவினேனா இல்லையான்னு ஞாபகம் இல்லை. உட்கார்ந்து ஒவ்வொண்ணா பார்த்து அழிச்சேன். மறுபடி கடை, மறுபடி பிரிண்ட். ஸ்கூட்டியை எடுத்தா சனிக்கிழமைத் திருநள்ளாறு! கோயில் கூட்டம் ரோட்டை அடைச்சுக்கிட்டு நிக்குது. ஹாரன் அடிச்சேன். வேன்ல இருந்து இறங்கின ஒரு பெரியவர் சொன்னார், "அவசரப்படாதம்மா, எல்லாருக்கும் தரிசனம் கிடைக்கும்."

எனக்குத்தான் ஏற்கெனவே கிடைச்சாச்சே!

சார் வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டறப்பவே டீச்சர் குரல் கணீர்னு கேட்டுச்சு. இங்கிலீஷ்ல போய்க்கிட்டிருந்தவங்க திடீர்னு தமிழுக்குத் தாவினாங்க.

"பெர்சென்ட். இங்க ஒரு படம் போடுன்னார். போட்டேன். எதுக்கு இந்தப் படம்னு கேட்டதும் அவர்தான்."

"நான் அப்படியெல்லாம் சொல்லலையே?"ன்னார் சார்.

"சொல்லியிருப்பீங்க. கேளுங்க. பெர்சென்ட். சார் இதைப் படிக்கவே மாட்டார்." கண்ணாடியை ஏத்தி விட்டாங்க. "இது சரியாத்தான் இருக்கு."

நான் தூணோட தூணா நின்னேன். அடுத்து வரப்போறது எதுன்னு எனக்குத் தெரியும்.

"பெர்சென்ட். சாருக்குச் சுகர். ஆனாலும் தம்ரூட் வாங்கிட்டுப் போனாதான் வேலை நடக்கும். நஸ்ரின்கிட்ட சொல்லி வைக்கணும்."

தம்ரூட்னா நஸ்ரின் ஊர்ல செய்யற, நெய் சொட்டற ரவை இனிப்பு.

"என்னங்க இது தம்ரூட்?"

சார் தொண்டையைச் செருமினார். "அது... பட்டினம் பக்கத்து ரகம்."

"நெல்லா?"

"ம்."

"கலை, உள்ள வாம்மா"ன்னாங்க டீச்சர். ஜன்னல்ல என்னைப் பார்த்துட்டாங்க. "இந்த நெல்லு எவ்வளவு வாங்கிட்டு வருவ?"

"கால் கிலோதான் டீச்சர்."

"மாசத்துக்கா?"

"வாரத்துக்கு."

கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால சார் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியலை. ஆனா சுட்டுச்சு.

"மன்னிச்சுக்குங்க சார்"னு அழுதுட்டேன். நெசமாவே அழுகை வந்துடுச்சு. "அந்தக் குறிக்கு அப்புறம் எழுதினா யார் கண்ணுக்கும் தெரியாதுன்னாங்க சார். அந்தத் தைரியத்துலதான்..."

"யார் கண்ணுக்குமா?"ன்னார் சார்.

"ஆமா சார்."

"ஓகோ"ன்னார்.

கையெழுத்தை மட்டும் போடலை. பேனாவை உருட்டிக்கிட்டே, "கண்ணு சரியா தெரியலை வசந்தா, சென்னை போயிட்டு வந்து பார்த்துக்கலாமே"ன்னார். என் ஏழு வருஷமும் அந்தப் பேனாவோட சேர்ந்து உருண்டுச்சு.

டீச்சர் என் கையில இருந்த புதுக் காப்பியை வாங்கிப் பிரிச்சு, அவர் விரலைப் பிடிச்சுக் கோட்டு மேல வச்சாங்க. "இதோ, இங்கதான். போடுங்க. பொய் சொல்லாத பொண்ணு."

போட்டார்! டீச்சர் காபி போட உள்ள போனாங்க. சார் பழைய காப்பியை இழுத்து, கண்ணுக்குக் கிட்ட வச்சு ஏதோ கிறுக்கி, "இந்தா, இதையும் எடுத்துட்டுப் போ. திருத்தம் போட்டிருக்கேன்"னு நீட்டினார்.

கேட்டுக்கு வெளியில வந்துதான் பிரிச்சேன். ஏழு வருஷத்துல சார் எனக்குப் போட்ட முதல் திருத்தம். கோணல் மாணலா, பெரிய பெரிய எழுத்துல.

"% தம்ரூட் இனிமே டிபார்ட்மென்ட்டுக்கு வேண்டாம். லைப்ரரிக்குக் கொண்டு வா."

சாரும் லேடெக்ஸ் கத்துக்கிட்டார்.