வளைக் கட்சியின் வெளிநடப்பு

ஒரு காட்டில் ஒரு சட்டசபை இருந்தது. மற்ற காடுகளில் சிங்கம் உறுமினால் சட்டம். இந்தக் காட்டில் கையைத் தூக்கினால்தான் சட்டம். கை இல்லாதவை காலைத் தூக்கின. காலும் இல்லாத மலைப்பாம்பு மட்டும் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டது என்று யாருக்கும் தெரியாது. அதனாலேயே அது எல்லா மந்திரிசபையிலும் இடம்பெற்றிருந்தது.

சபாநாயகர் ஓர் ஆந்தை. சபையோ பகலில் கூடும். ஆகவே சபாநாயகர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார். இது எல்லாக் கட்சிக்கும் சௌகரியமாக இருந்தபடியால் சபை நேரத்தை மாற்றச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை.

அந்தச் சபையின் கடைசி பெஞ்சில் மூன்றே மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். வளையிலும் பொந்திலும் குடியிருப்போரின் கட்சி அது. சுருக்கமாக வளைக் கட்சி. ஒரு காலத்தில் காட்டையே ஆண்ட கட்சிதான். ஆண்டபோது, மக்கள் தண்ணீருக்குத் தவிக்கிறார்களே என்று பெரிய குளம் ஒன்றை வெட்டினார்கள். வெட்டிய கட்சிக்காரர்களுக்குக் கை சும்மா இருக்குமா? குளத்துக்குள்ளேயே ஆளுக்கொரு வளையும் தோண்டி வைத்தார்கள். திறப்பு விழா அன்று ததும்பி நின்ற தண்ணீர், தலைவர் பேசி முடிப்பதற்குள் போன இடம் தெரியவில்லை. பேச்சு கொஞ்சம் நீளம் என்பது கட்சியின் வாதம். அடுத்த தேர்தலில் கட்சியும் தண்ணீர் போன வழியே போயிற்று.

மிஞ்சிய மூவரில் தலைவர் உடும்பு செவந்தியப்பன். துணைத் தலைவர் புனுகுப்பூனை மனோரஞ்சிதம். கொறடா, முள்ளம்பன்றி இருளாண்டி. மூன்று பேருக்கும் பதவி கொடுத்துவிட்டதால் தொண்டர் என்று சொல்ல சபைக்குள் ஒருவரும் இல்லை. கொறடா என்பவர் உறுப்பினர்களுக்கு ‘இப்படி ஓட்டுப் போடு’ என்று உத்தரவு போட வேண்டியவர். இருளாண்டி உத்தரவு போட்டால் தலைவர் கேட்க மாட்டார், துணைத் தலைவர் கேட்கவே மாட்டார். தான் ஒருவன் மட்டும் கேட்க வேண்டி வருமே என்று அவன் உத்தரவு போடுவதையே விட்டுவிட்டான்.

செவந்தியப்பனுக்கு ஒரே ஒரு ஆசை. தம் காலத்திலேயே கட்சியை மறுபடி ஆட்சியில் உட்கார வைத்துவிட வேண்டும். அப்போது தலைவராகத் தாமே இருக்க வேண்டும். இதில் முதல் பாதியை மேடையில் சொல்வார். இரண்டாம் பாதியை மனோரஞ்சிதத்தின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொள்வார்.

ஆனால் மூன்று பேரை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? வெளிநடப்புச் செய்யலாம். அதைத்தான் அவர்கள் தினமும் செய்தார்கள். ஆளுங்கட்சியில் யாராவது எழுந்து, “உங்க ஆட்சியில வெட்டுன குளம் மாதிரியா?” என்பார்கள். ‘குளம்’ என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் மூவரும் எழுவார்கள். “ஜனநாயகம் செத்துப்போச்சு” என்று செவந்தியப்பன் முழங்க, மூவரும் வரிசையாக வெளியேறி நாவல் மரத்தடிக் கேண்டீனுக்குப் போவார்கள். அங்கே கீரி கண்ணுச்சாமி மசால் வடையைத் தட்டில் எடுத்து வைத்திருப்பான். மூவரின் கால்களுக்கும் இது நன்றாகப் பழகிவிட்டது.

இப்படி இருக்கையில், ஆளுங்கட்சிக்குள் சண்டை மூண்டது. முதலமைச்சர் கரடி கனகசபாபதி, கிடைத்த தேனையெல்லாம் தாமே நக்கிவிட்டு மந்திரிகளுக்கு வெறும் அடையைக் கொடுக்கிறார் என்று குற்றச்சாட்டு. தலைமையை மாற்று என்று கிளம்பினார் மந்திரி காட்டுப்பன்றி வேட்டைப்பெருமாள். கட்சி சரிபாதியாகப் பிளந்தது. கரடி தன் ஆட்களை மலைக்குகைக்கு ஓட்டிப் போய் வாசலில் பாறையை வைத்து அடைத்தார். பன்றி தன் ஆட்களை அருவிக்கரை விடுதியில் இறக்கிவிட்டு, அவர்களுடைய செல்போன்களை வாங்கித் தம் அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டார். இரண்டு பக்கமும் சமம். எந்தப் பக்கம் வளைக் கட்சியின் மூன்று ஓட்டு விழுகிறதோ அந்தப் பக்கம்தான் ஆட்சி.

அதுவரை செவந்தியப்பனை யாரும் ‘ஐயா’ என்று கூப்பிட்டதில்லை. அன்று காலை கரடியே நேரில் வந்து கூப்பிட்டார்.

“செவந்தியப்பன் ஐயா, சௌக்கியமா? நம்ம ரெண்டு கட்சிக்கும் அப்படி என்ன பகை?”

“நேத்துகூட என்னைப் பல்லின்னு சொன்னீங்களே.”

“அது அரசியல். இது பாசம். துணை முதலமைச்சர் பதவி உங்களுக்குத்தான்.”

“தொண்டர்களைக் கலந்துதான் சொல்லணும்,” என்றார் செவந்தியப்பன். கரடி போன சூடு ஆறுமுன் பன்றி வந்தார். அவரும் அதையே தருவதாகச் சொன்னார். அவரிடமும் தொண்டர்களைக் கலக்க வேண்டும் என்றே சொல்லி அனுப்பினார் செவந்தியப்பன். பிறகு தனியாக உட்கார்ந்து தம்மையே இரண்டு தடவை கலந்து, இரண்டு பேருக்கும் சரி என்று சொல்லியனுப்பினார்.

நம்பிக்கை ஓட்டெடுப்பு நாள் வந்தது. செவந்தியப்பன் மற்ற இருவரையும் சபை வாசலில் நிறுத்தினார்.

“இன்னைக்கு யார் என்ன சொன்னாலும் எழுந்திரிக்கக் கூடாது. பல்லின்னு சொல்லட்டும், ஓணான்னு சொல்லட்டும். பெஞ்சை விடக் கூடாது.”

“பெஞ்சைப் பிடிக்கிறதுல உங்களை மிஞ்ச யார் இருக்கா தலைவரே?” என்றாள் மனோரஞ்சிதம். “தலைமையைப் பிடிச்ச பிடியைத்தான் நானும் இத்தனை வருஷமாப் பாக்கறேனே.”

“கிண்டல் பண்ணாதம்மா. கட்சியோட எதிர்காலம் இது.”

“எனக்கு ஒரு யோசனை,” என்றான் இருளாண்டி. “நான் உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்துக்கறேன். யார் எழுந்தாலும் என் முள்ளு குத்தி உக்கார வச்சிடும்.”

“குத்தினா துள்ளி எழுவோமே தவிர உக்காருவோமாடா?” என்றார் தலைவர்.

சபை கூடியது. ஆந்தை வந்தார், உட்கார்ந்தார், தூங்கினார். கரடி பேச எழுந்தார். அவருக்கு வளைக் கட்சியின் மூன்று ஓட்டும் வேண்டும். அதனால் கடைசி பெஞ்சைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். சாலை போட்டதைச் சொன்னார். பாலம் கட்டியதைச் சொன்னார். மூவரும் அசையவில்லை. பன்றியின் ஆட்கள் செவந்தியப்பனைப் பார்த்து நாக்கை நீட்டி வேறு காட்டினார்கள். அப்போதும் அவர் பெஞ்சை விடவில்லை. கரடிக்கு உற்சாகம் பிறந்தது. உற்சாகம் வந்தால் அவருக்கு நாக்கில் கடிவாளம் கிடையாது.

“என் ஆட்சியிலே,” என்றார் கரடி, “நிறையாத குளம் உண்டா?”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. அதற்குள் கடைசி பெஞ்சில் ஆறு பின்னங்கால்களும் தரையில் நின்றன. “ஜனநாயகம் செத்துப்போச்சு,” என்றது செவந்தியப்பனின் வாய். அது செத்ததா பிழைத்ததா என்று யோசிப்பதற்குள் கால்கள் அவரைப் படி இறக்கி, நடைவழியைக் கடத்தி, வாசலுக்கு வெளியே கொண்டுவந்து விட்டன. திரும்பிப் பார்த்தார். பின்னாலேயே மனோரஞ்சிதம். அவளுக்குப் பின்னால் இருளாண்டி.

கதவு சாத்திக்கொண்டது. காவலுக்கு நின்றது ஒரு காட்டெருமை.

“தொறப்பா,” என்றார் செவந்தியப்பன். “தப்பா வந்துட்டோம்.”

“ஓட்டெடுப்பு மணி அடிச்சாச்சுங்க. முடியறவரைக்கும் யாரும் உள்ள போகவும் கூடாது, வெளிய வரவும் கூடாது. விதி.”

“நாங்க இல்லாட்டி ஆட்சியே இல்லைப்பா.”

“தினமும்தான் நீங்க இல்ல,” என்றது எருமை. “ஆட்சி நடந்துகிட்டுத்தானே இருக்கு?”

வேறு போக்கிடம் இல்லாமல் மூவரும் கேண்டீனுக்குப் போனார்கள்.

“என்ன தலைவரே, இன்னைக்குச் சீக்கிரமே வந்துட்டீங்க?” என்றான் கண்ணுச்சாமி. “வடை இன்னும் வேகலையே.”

செவந்தியப்பன் நாவல் மரத்து வேரில் சாய்ந்து உட்கார்ந்தார். “போச்சு. கட்சி நிமிர வந்த ஒரே வாய்ப்பு. எல்லாம் போச்சு.”

“கரடி ஐயாகிட்ட என்ன பதில் சொல்றது?” என்று முனகினாள் மனோரஞ்சிதம்.

தலைவர் நிமிர்ந்தார். “நீ எதுக்கும்மா பதில் சொல்லணும்?”

“துணை முதலமைச்சர் பதவி தரேன்னாரு. சரின்னேன்.”

“எனக்குத்தானே தரேன்னாரு.”

“பன்றி அண்ணன் எனக்குல்ல தரேன்னாரு,” என்றான் இருளாண்டி, வடைச் சட்டியைப் பார்த்தபடியே.

“அடப்பாவிகளா, கட்சிக்குத் துரோகம் பண்ணப் பாத்தீங்களே.”

“நீங்க யாருக்குச் சரின்னு சொன்னீங்க தலைவரே?” என்று கேட்டாள் மனோரஞ்சிதம்.

செவந்தியப்பன் கண்ணுச்சாமியிடம் சட்னி கேட்டார்.

அந்த நேரத்தில் சபைக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. முதலில் மேசை தட்டும் சத்தம். பிறகு மேசை உடையும் சத்தம். பிறகு மைக் ஒன்று ஜன்னல் வழியாக வெளியே வந்து விழுந்தது. நிருபர் கிளி ஒன்று ஜன்னல் விளிம்பில் தொங்கி உள்ளே பார்த்துப் பார்த்துச் சேதி சொல்லிற்று.

நடந்தது இதுதான். ஓட்டு எண்ணினார்கள், இரண்டு பக்கமும் சமம். உடனே கரடியின் கொறடா எழுந்து, “கட்சி உத்தரவை மீறி முதலமைச்சருக்கு எதிராக ஓட்டுப் போட்ட எல்லோருடைய பதவியையும் பறிக்க வேண்டும்” என்றது. பன்றியும் தம் பக்கத்துக்கு ஒரு கொறடாவை வைத்திருந்தார். அது எழுந்து, “நான்தான் உண்மையான கொறடா. என் உத்தரவை மீறி முதலமைச்சருக்கு ஆதரவாக ஓட்டுப் போட்ட எல்லோருடைய பதவியையும் பறிக்க வேண்டும்” என்றது. இந்த இழுபறியில் யாரோ யாருடைய வேட்டியையோ இழுக்க, சபாநாயகரின் நாற்காலி கவிழ்ந்தது. ஆந்தை விழித்துக்கொண்டார்.

பகல் வெளிச்சத்தில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. முதலில் கேட்ட வாதம் நியாயமாகப் பட்டது. இரண்டாவது வாதமும் அதே அளவுக்கு நியாயமாகப் பட்டது. நடுநிலை தவறக் கூடாதே என்று இரண்டு மனுவையும் ஏற்றுக்கொண்டார். ஆதரித்தவர்கள் பதவி போயிற்று. எதிர்த்தவர்கள் பதவியும் போயிற்று. மலைப்பாம்பு எந்தப் பக்கம் என்று தெரியாததால் இரண்டு பக்கத்திலும் சேர்த்து இரண்டு தடவை பதவி இழந்தது.

கதவு திறந்தது. கிழிந்த காதோடும் அவிழ்ந்த துண்டோடும் முன்னாள் முதலமைச்சரும் முன்னாள் மந்திரிகளும் முன்னாள் உறுப்பினர்களும் வெளியே வந்தார்கள்.

“சபையில இப்போ உறுப்பினர் யாராவது மிச்சம் இருக்காங்களா?” என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டார் ஆந்தை.

“மூணு பேர் இருக்காங்க ஐயா,” என்றது எருமை. “கேண்டீன்ல வடை தின்னுகிட்டு இருக்காங்க.”

அப்படியாக, மூன்று பேர் கொண்ட சபையில் மூன்று பேர் கொண்ட வளைக் கட்சிக்கு அறுதிப் பெரும்பான்மை கிடைத்தது. செவந்தியப்பன் முதலமைச்சராகப் பதவி ஏற்றார். மனோரஞ்சிதமும் இருளாண்டியும் மந்திரிகள். காடெங்கும் வளைகளிலிருந்து எலிகளும் முயல்களும் கிளம்பி வந்து வெடி வெடித்தன. ‘இது கொள்கைக்குக் கிடைத்த வெற்றி’ என்று தலைவர் அறிக்கை விட்டார். எந்தக் கொள்கை என்று கேட்ட கிளிக்கு, சபைக்கு வெளியே நிற்பதே ஒரு கொள்கைதான் என்று விளக்கம் தந்தார்.

அன்று சாயங்காலமே மந்திரிசபையின் முதல் கூட்டம். செவந்தியப்பன் போய் உட்கார்ந்தார். வேறு யாரும் வரவில்லை. மனோரஞ்சிதத்துக்குப் போன் போட்டார். பின்னணியில் தண்ணீர் கொட்டும் இரைச்சல் கேட்டது.

“எங்கம்மா இருக்கே?”

“நானும் இருளாண்டி அண்ணனும் அருவிக்கரை விடுதிக்கு வந்திருக்கோம் தலைவரே.”

“எதுக்கு?”

“சும்மா, குளிக்கத்தான்.”

“நீதான் தண்ணியைக் கண்டாலே ஓடுவியே.”

“ஓடத்தான் செய்வேன். ஆனா மூணு பேர்ல ரெண்டு பேர் ஒரே இடத்துல குளிச்சா அதுக்குப் பேர் பெரும்பான்மையாமே. அண்ணன் சொன்னாரு.” பக்கத்திலிருந்து இருளாண்டியின் குரல் கேட்டது: “தலைவரே, நான் இப்போ முதல் தடவையா உத்தரவு போடறேன். ராஜினாமா பண்ணுங்க.”

மறுநாள் மனோரஞ்சிதம் முதலமைச்சரானாள். இருளாண்டி, துணை. தங்கள் அணிக்கு ‘உண்மை வளைக் கட்சி’ என்று பெயர் வைத்தார்கள். செவந்தியப்பன் மட்டும் எதிர்வரிசையில் தனியாக உட்கார்ந்தார். அந்த வரிசையில் வேறு யாரும் இல்லாததால் விதிப்படி அவர்தான் எதிர்க்கட்சித் தலைவர். அவருக்குத் தனி அறை வந்தது. வாசலில் பெயர்ப்பலகை வந்தது. முன்னும் பின்னும் காவலுக்கு நாய்கள் வந்தன.

வெளியே தொண்டர்கள் கலங்கிப் போய் நின்றார்கள். செவந்தியப்பன் கரையான் புற்றின் மேலேறி நின்று பேசினார்.

“யாரும் கண்ணீர் விடாதீங்க. நான் சொன்னதைச் செஞ்சு காட்டிட்டேன். கட்சி முழுசா எழுந்து நின்னுடுச்சு. இன்னைக்கு ஆளுங்கட்சியும் நாமதான், எதிர்க்கட்சியும் நாமதான். ரெண்டு பக்கத்துலயும் தலைவர் நம்மாளு. இப்படி ஒரு வெற்றி எந்தக் கட்சிக்குக் கிடைச்சிருக்கு?”

எலிகள் கைதட்டின. கைதட்டி ஓய்ந்த பிறகு ஒரு கிழட்டு எலி கேட்டது: “ரெண்டு பக்கமும் நாமளே ஜெயிச்சா, தோத்தது யாரு தலைவரே?”

செவந்தியப்பன் நாக்கை வெளியே விட்டு உள்ளே இழுத்துக்கொண்டார்.

“மக்கள்தான்,” என்றார். “அவங்களுக்குத் தோத்துப் பழக்கம் இருக்கு. நமக்குத்தான் தாங்காது.”

எலிகள் முன்னைவிடப் பலமாகக் கைதட்டின.

நீதி: அழிந்த கட்சியை எழுப்ப ஆள் சேர்க்க வேண்டியதில்லை, அடுத்தவர்கள் அடித்துக்கொள்ளும் நேரத்தில் வெளியே நின்று வடை தின்றால் போதும். ஆனால் தலைவராகவே நீடிக்க விரும்புகிறவர், வடை தின்னவும் தனியாகப் போவது நல்லது.