கம்பெனி செட்டு சரியில்லைங்க

புதுக் காரை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கிய ஈரம் காய்வதற்குள், "எல்லாஞ் சரிங்க, கம்பெனி செட்டுத்தான் சரியில்லைங்க" என்று உதட்டைப் பிதுக்குகிறவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாட்டுக் கேட்கிறவர் வேறு, இவர் வேறு. அவருக்குப் பாட்டு வேண்டும். இவருக்கு ஸ்பீக்கர் வேண்டும். இந்த இனத்துக்குச் செட்டுமாற்றி என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

திருச்செங்கோட்டு வெங்கடாசலம் இந்த இனத்தில் முற்றிய காய். இருபத்தாறு வருடம் போர்வெல் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய், கம்ப்ரசருக்குப் பக்கத்திலேயே நின்று, பாறையைத் துளைத்துத் தண்ணீர் கொண்டுவந்தவர். தண்ணீர் வந்தது. காது போயிற்று. மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு நான்காவது தடவை தோளைத் தட்டுவது மனைவி கமலவேணியின் வழக்கம். அந்த அம்மாவுக்கு வேண்டியது ஒன்றுதான்: இந்த மனிதரை ஒருநாள் காது டாக்டரிடம் கூட்டிப்போய்விட வேண்டும்.

நடக்கிற காரியமா? காது அவருடையது, செட்டு கம்பெனியுடையது. குற்றம் யார்மேல் இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே புதுக் காரை எடுத்துக்கொண்டு சேலத்தில் தனசேகரின் செட்டுக் கடைக்குப் போனார். முதலில் பெரிய திரை வைத்த செட்டு. அது வந்ததும் கதவு ஸ்பீக்கர்கள் மட்டமாகத் தெரிந்தன. அவற்றை மாற்றியதும் ஆம்ப்ளிஃபயர் இல்லாதது உறுத்தியது. ஆம்ப்ளிஃபயர் வந்ததும் கதவுத் தகடு அதிர, அதற்குள் மெத்தை ஒட்டி, டிக்கியில் ஊஃபர் பெட்டியை இறக்கி, அதற்குத் தீனி போட இன்னொரு பேட்டரி வைத்து, அந்த பேட்டரிக்கு இடம் விட்டு ஸ்டெப்னி வீட்டுக்குப் போயிற்று. முன்சீட்டில் ஆள் உட்கார்ந்தால் சத்தத்தை உறிஞ்சிவிடுமாம். கமலவேணி பின்சீட்டுக்குப் போனார்.

"இப்பக் கேக்குதுங்களாண்ணா?" என்று அலறினார் தனசேகர்.

"ம்... தபேலாக்காரன் இன்னுங் கொஞ்சம் தள்ளியே உக்காந்திருக்கறான்."

தனசேகர் பின்சீட்டுப் பக்கம் திரும்பி, "அக்கா, காதுல வெக்க வேண்டியத நானு கதவுல வெச்சுட்டிருக்கறேன்" என்றார். வெங்கடாசலத்தின் எதிரிலேயேதான் சொன்னார். என்ன ஆபத்து?

போன ஆவணியில் ஆத்தூரில் ஒரு கிரகப்பிரவேசம். அயோத்தியாபட்டணத்தில் தோளைத் தட்டி வண்டியை நிறுத்தச் சொல்லி, "பூ வாங்கிட்டு வந்தர்றேனுங்க" என்று இறங்கினார் கமலவேணி. செட்டுத் திரையிலேயே கண்ணாக இருந்த வெங்கடாசலத்துக்குக் கதவு திறந்ததும் சாத்தியதும் ஊஃபரின் இரண்டு அடிகள்.

"பாத்தியா, எவ்வளவு சுத்தமா உளுந்துச்சு!" என்று சொல்லி வண்டியை எடுத்தார்.

வாழப்பாடி வரைக்கும் ட்வீட்டரை எந்தக் கோணத்தில் திருப்ப வேண்டும் என்று காலிப் பின்சீட்டுக்கு விளக்கினார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் கமலா குறுக்கே பேசாமல் கேட்டது இதுவே முதல் தடவை. அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

அப்போது செட்டில் போன் மணி அடித்தது. பேச்சை நிறுத்தாமலே திரையைத் தொட்டார்.

"ஏனுங்! பொண்டாட்டிய நடுரோட்டுல உட்டுப்போட்டு அங்க ஆருகூடப் பேசிட்டிருக்கறீங்க?"

எட்டு ஸ்பீக்கரிலும் வந்தது. வாழப்பாடிச் சந்தைக்கு வந்த கூட்டம் கத்திரிக்காயை விட்டுவிட்டுக் காரைப் பார்த்தது. வெங்கடாசலம் ஓரங்கட்டினார். கண் கலங்கிவிட்டது. எத்தனை வருடமாயிற்று! ஒவ்வொரு எழுத்தும் விழுந்தது. மூச்சு வாங்குவதும், வளையல் போனில் உரசுவதும் கூட.

"கமலா, இன்னொருக்காச் சொல்லு."

"என்னத்தச் சொல்றது?"

"திட்டுனதத்தான். குரல் நட்டநடுவுல வந்து நிக்குது சாமி. ட்ரெபிள் மட்டும் கொஞ்சம் சாஸ்தி."

எதிர்முனையில் மௌனம். அதுவும் துல்லியமாகக் கேட்டது.

"நாளைக்கே காது டாக்டர்கிட்டப் போறோம்."

"எதுக்கு? அதான் நல்லாக் கேக்குதே!"

இப்போதெல்லாம் சாயங்காலமானால் வெங்கடாசலம் போர்ட்டிகோவில் நிற்கும் காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். பன்னிரண்டடி தள்ளிச் சமையலறையிலிருந்து கமலவேணி போனில் பேசுகிறார். வெளியூரில் இருக்கும் மகளின் சங்கதி, முட்டிவலி, பக்கத்து வீட்டுச் சண்டை, முப்பது வருடத்துப் பாக்கிப் பேச்செல்லாம் நடக்கிறது. டாக்டரின் நம்பரும் அதே போனில்தான் இருக்கிறது. அதைக் கூப்பிடத்தான் லைன் காலியாவதில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையிலிருந்து யாரோ இரண்டு தடவை கூப்பிட்டார்களே, கேட்டதா? கேட்கவில்லையென்றால் கவலை வேண்டாம். கோளாறு அந்தக் குரலில்தான் இருக்கும். மாற்றிப் பாருங்கள்.