திருடனுக்கும் வேண்டாத செருப்பு

ஒரு ஊரில் இருபது வருடம் கிடந்து வேலை செய்தவனிடம் மட்டும் அந்த ஊரைச் சுற்றிக்காட்டச் சொல்லாதீர்கள். அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. பலெர்மோவில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நிற்கும், எந்த வீட்டுக்காரச் சிஞ்ஞோரா சோபாவுக்கு அடியில் விரலால் தடவிப் பார்ப்பாள் என்று கேளுங்கள், சொல்கிறேன். நான் வீடு துடைக்கிறவன். அரண்மனை, கோபுரம் எல்லாம் பஸ் கண்ணாடிக்குள்ளால் பார்த்ததோடு சரி.

ஆனால் ஜெர்மனியிலிருந்து சகலன் வந்தபோது, இந்த ஊரின் மூலைமுடுக்கெல்லாம் எனக்குத் தெரியும் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டேன். (என் வாயைத் தைத்துவிட வேண்டும்.)

சொன்னதற்குக் காரணம் இருந்தது. நேசன் அண்ணை என் மனைவி வசந்தியின் அக்காவைக் கட்டியவர். வருடக்கணக்காகப் போனில் ஒரே பல்லவி: பலெர்மோவில் என்ன கிடக்கு, ஜெர்மனிக்கு வாருங்கள், நான் வேலை எடுத்துத் தருகிறேன். எங்களிடம் இத்தாலியப் பாஸ்போர்ட் இருக்கிறது, நினைத்தால் போகலாம். வசந்தி பாதி பெட்டி கட்டிவிட்டாள். எனக்கோ அந்தக் குளிரும் வேண்டாம், இந்த மனிதருக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் தண்டனையும் வேண்டாம். அவையள் வந்து ஒரு நாள் ஊரைப் பார்க்கட்டும், பிறகு முடிவெடுப்போம் என்றாள் வசந்தி. ஆக, அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பலெர்மோ ஒழுங்காக நடந்துகொண்டால் போதும்.

பலெர்மோ என்றைக்கு ஒழுங்காக நடந்திருக்கிறது?

பஸ் வரவில்லை. கடைசியில் வந்த பஸ்ஸில் ஏசி இல்லை. நேசன் அண்ணை சீட்டைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். தெருவில் இறங்கியதும் நிரம்பி வழிந்த குப்பைத்தொட்டியைப் படம் எடுத்தார். பின்னால் நின்ற ஆயிரம் வருடத்துக் கோபுரத்தை எடுக்கவில்லை. எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

முதலில் கத்தீட்ரல். நானும் உள்ளே போனதில்லை. எனக்குப் பழக்கமான ஒரே தேவாலயம் மலைமேல் குகைக்குள் இருக்கும், இந்த ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவுடையது. நாங்கள் சைவக்காரர்தான். ஆனாலும் இந்த ஊர்த் தமிழருக்கு அவள் அம்மன் மாதிரி. நேர்த்தி வைத்து வெறுங்காலோடு மலை ஏறுவோம். செருப்பை வாசலில் விடுவோம். அங்கே ஒருவனும் தொடமாட்டான்.

அதே நினைப்பில் கத்தீட்ரல் வாசலிலும் சப்பாத்தைக் கழற்றச் சொன்னேன். நேசன் அண்ணை தயங்கினார். இந்தப் பயணத்துக்கென்றே வாங்கிய புதுச் சப்பாத்து அது.

"தம்பி, உவங்கள் எல்லாரும் சப்பாத்தோடதானே போறாங்கள்?"

"அவங்கள் போகட்டும் அண்ணை. நாங்கள் எங்கட முறைக்குப் போவம். இஞ்சத்தைப் பழக்கம் எனக்குத் தெரியும்."

உள்ளே எல்லாம் நன்றாகவே நடந்தது. சாந்தா ரொசாலியாவின் எலும்புகள் இருக்கும் வெள்ளிப் பேழைக்கு முன்னால் அக்கா கண்ணைத் துடைத்தார். நேசன் அண்ணைகூட வாயை மூடிக்கொண்டு நின்றார். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

வெளியே வந்தால் சப்பாத்து இல்லை. அவருடையது, அக்காவுடையது, வசந்தியுடையது, ஒன்றும் இல்லை. என் செருப்பு மட்டும் போட்ட இடத்தில் போட்டபடி கிடந்தது. எடுத்தவன் அதைப் பார்த்துவிட்டுத்தான் விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

"நல்ல ஊர் தம்பி," என்றார் நேசன் அண்ணை. திட்டியிருந்தாலாவது திருப்பிக் கத்தியிருக்கலாம்.

கல் பதித்த தெரு தோசைக்கல் மாதிரிக் கொதித்தது. என் செருப்பைக் கொடுத்தேன், அவருடைய காலில் பாதி வெளியே நின்றது, திருப்பித் தந்துவிட்டார். பக்கத்தில் கபோ சந்தை இருக்கிறது, ஒரு சோடி வாங்கலாம் என்று இழுத்துக்கொண்டு போனேன். சந்தையை மூடும் நேரம். செருப்புக் கடைக்காரன் போய்விட்டான், மீன்காரன் தரையைக் கழுவிக்கொண்டிருந்தான். ஜெர்மனிக்காரர் மீன் தண்ணீருக்குள் நின்று என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது.

அப்போதுதான் கவனித்தேன். சனம் எங்களுக்கு வழி விட்டது. மீன்காரன் குழாயை நிறுத்திவிட்டுச் சிலுவை போட்டான். வெறுங்காலோடு நடக்கும் தமிழரைக் கண்டால் இந்த ஊருக்கு ஒரே அர்த்தம்தான், மலைக்குப் போகிறார்கள்.

"ஏன் தம்பி இவங்கள் எங்களைக் கும்பிடுறாங்கள்?"

நான் பதில் சொல்வதற்குள் ஒரு கிழவி வந்து அக்காவின் கையில் ஒரு மெழுகுதிரியைத் திணித்தாள். தன் முழங்காலுக்காகச் சாந்தா ரொசாலியாவிடம் ஏற்றச் சொன்னாள். மறுக்க இத்தாலியன் தெரியாத அக்கா தலையாட்டிவிட்டார்.

தெரியாமல் வாங்கிவிட்டோம், திருப்பிக் கொடுக்கலாம் என்றேன். வசந்தி என்னைப் பார்த்தாள்.

"அம்மாளாச்சிக்கு எண்டு தந்ததை ஆரும் திருப்பிக் குடுப்பினமே? ஏறுவம். நீங்களும் செருப்பைக் கழட்டுங்கோ."

கடற்கரைக்குப் போய் ஐஸ்கிரீம் தின்று மயக்குவது என் திட்டம். அதற்குப் பதில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பின்னேர வெயிலில் மலை ஏறினேன். நேசன் அண்ணை ஒவ்வொரு வளைவிலும் நின்று காலைத் தூக்கிப் பார்த்தார். போச்சு, ஜெர்மனிதான் என்று முடிவு செய்தேன். மனதுக்குள் குளிர்ச்சட்டைகூட வாங்கிவிட்டேன்.

மேலே போய்த் திரியை ஏற்றினார்கள். நேசன் அண்ணை குகைக்குள் வெகுநேரம் நின்றார். வெளியே வந்து, கொப்புளம் போட்ட காலை நீட்டிக்கொண்டு கடலையும் ஊரையும் பார்த்தபடி இருந்தார். வசந்தி அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும்தான்.

"உவ்வளவையும் விட்டிட்டு நீர் ஏன் தம்பி அங்கை வரப்போறீர்?" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அவர் முடிக்கவில்லை.

"நான் ஒரு நேர்த்தி வைச்சிட்டன். இனி வருசா வருசம் நாங்கள் வாறம்."

வருகிறார்கள். ஒவ்வொரு கோடையிலும் எங்கள் கட்டிலில் அவர்கள், ஹாலில் பாயில் நான். பஸ் இன்னும் சரியில்லை என்று என்னிடம்தான் முறைப்பாடு, நான்தான் ஓட்டுகிற மாதிரி. ஜெர்மனிப் பேச்சை வசந்தி அதோடு விட்டுவிட்டாள்.

நேசன் அண்ணை வந்து இறங்கியதும் எங்கள் வாசலில் செய்கிற முதல் வேலை ஒன்று உண்டு. தன் புதுச் சப்பாத்தைக் கழற்றி, சுவரோரம் அடக்கமாக வைத்து, என் பழைய செருப்பை எடுத்து அதன்மேல் கவிழ்த்து மூடிவிடுவார்.

"இனி ஒருத்தனும் கிட்ட வரான்," என்பார். வீடே சிரிக்கும்.