மாப்பிள்ளை விட்ட மீன்

பிரிக்ஃபீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.

பெருமதிப்பிற்குரிய அக்கா பவுனம்மாள் அவர்களுக்கு, தம்பி பரமேஸ்வரன் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நானும் குமுதாவும் மகள் தாமரையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மனசு மட்டும் எனக்குச் சரியில்லை. அங்கே கிள்ளானில் உங்கள் முழங்கால் வலியும் அத்தானின் இருமலும் குறைந்திருக்க வேண்டுமென்று முருகனை வேண்டுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். மாப்பிள்ளை வீடோ உங்களுக்கு அடுத்த வீடு. சுவர் தாண்டிப் போகக்கூடாத செய்தி இது.

தாமரைக்கு நீங்கள் பார்த்துச் சொன்ன திருச்செல்வம் ஷா ஆலத்தில் எஞ்சினியர், நியூசிலாந்தில் படித்தவர், குடி இல்லை, சிகரெட் இல்லை, மீன் பிடிப்பது ஒன்றுதான் பொழுதுபோக்கு என்றீர்கள். மீன் பிடிக்கிற மாப்பிள்ளை வந்தால் வீட்டுக்கு மீன் வரும் என்றுதானே யாரும் நினைப்பார்கள். போன சனிக்கிழமை அவர், "அங்கிள், கோல குபு பக்கம் ஆத்துக்குப் போறேன், கூட வரீங்களா?" என்று கேட்டதும் உடனே கிளம்பிவிட்டேன். குமுதா மசாலாவை அரைத்து வைத்துவிட்டு, மாடி வீட்டுக்காரர்களையும் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள்.

ஆற்றங்கரையில் அவர் ஒரு சின்ன டப்பாவைத் திறந்தார். புழு இல்லை, இறால் இல்லை. உள்ளே வரிசையாக ஈக்கள். நான் கையை உதறிக்கொண்டு பின்னால் போனேன். "நிஜ ஈ இல்ல அங்கிள். கோழி இறகுல நானே கட்டுனது. இதுக்குப் பேரு ஃபிளை ஃபிஷிங்" என்றார். அக்கா, பட்டம் வாங்கிய பிள்ளை வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, கோழி இறகையும் நூலையும் வைத்துக்கொண்டு ஈ கட்டுகிறார். இதை அவருடைய அம்மா உங்களிடம் சொன்னாரா இல்லையா என்று எனக்குத் தெரியவேண்டும். சரி, ஈயோ எறும்போ, பிடித்தால் போதும் என்று இருந்தேன். அவர் தூண்டிலைத் தொடவே இல்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், நிற்கிறார், பெண் பார்க்க வந்தபோது தாமரையைக்கூட அப்படிப் பார்க்கவில்லை. "மேல மழை பேஞ்சிருக்கு அங்கிள். தண்ணி கலங்கி, பால் டீ மாதிரி தே தாரேக் கலர்ல இருக்கு. கொஞ்சம் தெளியட்டும்" என்றார். தெளிந்த பிறகு தூண்டிலைத் தலைக்கு மேலே சுழற்றினார். நான் பின்னால் குனிந்து செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தேன். கொக்கி வந்து என் கால்சட்டையின் பின்பக்கத்தில் மாட்டிக்கொண்டது. நான் அலறிய சத்தத்தில் எதிர்க்கரைக் குரங்குகள் ஓடின. அவர் பதறாமல், "அசையாதீங்க அங்கிள். இந்தக் கொக்கியில எதிர்முள் கிடையாது, மீனுக்கு வலிக்கக் கூடாதுல்ல" என்றார். மாமனார் ஆகப்போகிறவனைப் பற்றிக் கவலையில்லை, மீனுக்கு வலிக்கக் கூடாதாம்.

இதற்கு மேல் நடந்ததைத்தான் நீங்கள் கேட்கவேண்டும். தூண்டிலை என் கையில் கொடுத்து எப்படி வீசுவதென்று காட்டினார். ஏதோ தெய்வச் செயல், மாட்டியது ஒரு கெலா மீன். செம்பொன் நிறம், என் முழங்கை நீளம். இந்த வயதில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் கைகளை ஆற்றில் நனைத்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்குவதுபோல அதைத் தாங்கி, கொக்கியை எடுத்து, "பை-பை சொல்லுங்க அங்கிள்" என்றார். சொன்னேன். விட்டுவிட்டார். அது வாலை ஒரு அடி அடித்துவிட்டுப் போய்விட்டது. "தம்பி, என்ன செஞ்சீங்க?" என்றேன். "நான் பிடிக்கிற எல்லாத்தையும் விட்டுடுவேன் அங்கிள்" என்றார். எல்லாவற்றையுமா என்று கேட்டேன். எல்லாவற்றையும்தானாம்.

வெறுங்கையோடு எப்படி வீட்டுப் படி ஏறுவது? திரும்பும் வழியில் ரவாங்கில் காரை நிறுத்தச் சொல்லி, பாசாரில் நாலு மீன் வாங்கிக்கொண்டேன். குமுதா பையைப் பிரித்துப் பார்த்தாள். "ஆத்துல பிடிச்சதா இது?" என்றாள். ஆமாம் என்றேன். "இது கெம்போங் ஆச்சே, கடல் மீனு. மலையேறி வந்துச்சா?" என்றாள். நான் வாயைத் திறக்குமுன் மாப்பிள்ளை, மாடி வீட்டுக்காரர்கள் முன்னாலேயே, "ஆன்டி, ஆத்துல பிடிச்சத விட்டுட்டோம். இது அங்கிள் ரவாங்ல வாங்குனது" என்று சொல்லிவிட்டார். பெண் கொடுக்கப் போகிறவனுக்காக ஒரு பொய் சொல்லத் தெரியாத பிள்ளையை என்ன செய்வது? அதுவரை போனிலிருந்து தலையைத் தூக்காத தாமரை அப்போதுதான் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

சாப்பிடும்போது கல்யாணப் பேச்சு வந்தது. தையில் வைக்கலாம் என்றேன். "ஆவணியில முடிச்சிட்டா நல்லது அங்கிள்" என்றார். "ஏன் தம்பி, ஐயர் சொன்னாரா?" என்று கேட்டேன். "ஆறு சொல்லுது" என்றார். நியூசிலாந்தில் அக்டோபர் மாதம்தான் வசந்தமாம். மலையில் பனி உருகி ஆறு பெருகி ஓடுமாம், அது வடிந்து தெளியும் நேரத்தில் புழு பூச்சியெல்லாம் இறக்கை முளைத்து வெளியே வருமாம், டிரவுட் என்று ஒரு மீன் மேலே வந்து அதைத் தின்னுமாம். கல்யாணம் ஆன கையோடு தாமரையை அங்கேதான் கூட்டிப்போகிறாராம். "தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும். இடுப்பு வரைக்கும் நிக்கணும். தாமரைக்கும் ரப்பர் கால்சட்டை வாங்கிடலாம்" என்றார். அக்கா, தூறல் விழுந்தால் மோனோரயில் வரைகூட நடக்காத பிள்ளை இவள். அவள் கேட்ட ஒரே கேள்வி, "அந்தக் கால்சட்டை என்னென்ன கலர்ல வரும்?"

அதனால் அக்கா, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். அடுத்த வீட்டுக்குப் போய், ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்று பக்குவமாகச் சொல்லி இந்தச் சம்பந்தத்தை நிறுத்திவிடுங்கள். பிடித்ததையெல்லாம் விடுகிறவர் நாளை என் மகளையும் விட்டுவிட்டால் என்ன செய்வேன்? அத்தானுக்கு என் வணக்கம். வீட்டுப் பிள்ளைகளுக்கு என் ஆசி. கிள்ளான் காவல் தெய்வங்கள் எல்லாம் உங்களைக் காக்கட்டும்.

அன்புத் தம்பி,
பரமேஸ்வரன்

பின்குறிப்பு: தபால் தலை வாங்காமல் இந்தக் கடிதம் ஒரு வாரமாகச் சட்டைப் பையிலேயே கிடந்துவிட்டது. அதற்குள் இந்தச் சனிக்கிழமையும் வந்தது. அந்தப் பையனை நேரில் நாலு வார்த்தை கேட்கிறேன் என்று குமுதாவும் ஆற்றுக்கு வந்தாள், கூடவே தாமரையும். குமுதா ஒரு மீன் பிடித்தாள். விடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அவளாகவே கையை நனைத்து, அதை விட்டுவிட்டு, அதன் வால் மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அக்டோபர்ல புரட்டாசி ஆச்சே. மீன் சாப்பிடத்தான் கூடாது, பிடிச்சு விட்டா புண்ணியங்க" என்றாள். தாமரை வழுக்கி ஆற்றில் விழப்போனபோது மாப்பிள்ளை தூண்டிலைத் தண்ணீரில் போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தார். கரை ஏறி, கார் வரைக்கும் வந்த பிறகும் விடவில்லை. ஆவணிக்கே பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபம் பேசியாயிற்று. அக்டோபரில் எங்களையும் கூட வரச் சொல்லி மாப்பிள்ளை கேட்டார். வருகிறோம் என்று சொல்லிவிட்டோம். தாமரைதான் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். ஆகையால் அக்கா, இந்தப் பின்குறிப்பை முதலில் படித்துவிட்டு, மேலே உள்ளதைப் படிக்காமல் கிழித்துப் போடவும்.